ஈயக் குண்டும் அதற்குரிய குழலும்

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே கடற்கரை வரைக்கும், அங்கிருந்து தெற்கே கடப்பாக்கம் வரைக்கும் கோட்டைகள் நெருக்கமாக அமைந்த நிலம் இது. கொளவாய் ஏரிப் பக்கம் செங்கல்பட்டுக் கோட்டை, கோவளத்தில் இடித்துத் தள்ளப்பட்ட கோட்டை, டச்சுக்காரர்களின் சதுரங்கப்பட்டினம், உள்ளே கருங்குழி, தெற்கே கடலோரத்து ஆலம்பரை என ஒவ்வொன்றும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு முறையாவது கைமாறியிருக்கிறது. 1752இல் கோவளத்தையும் செங்கல்பட்டையும் ஆங்கிலத் தளபதி கிளைவின் படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது. 1759 டிசம்பரில் கருங்குழியும் 1760இல் ஆலம்பரையும் ஆங்கிலேயர் வசமாயின. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை மைசூரின் ஹைதர் அலியிடம் அழிந்தபோது, இன்னொரு ஆங்கிலத் தளபதியான மன்றோவின் படை பின்வாங்கி வந்து சேர்ந்த இடம் செங்கல்பட்டு. இத்தனை சண்டை நடந்த மண்ணில் ஏர் ஓட்டும்போதும், கடைக்கால் தோண்டும்போதும், பெருமழைக்குப் பிறகும் ஈயக் குண்டு தலைகாட்டினால் வியப்பதற்கில்லை. கிடைத்த குண்டு பள்ளிக்கூட அலமாரிக்கோ வீட்டுப் பெட்டிக்கோ போய்ச் சேர்ந்த கையோடு அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறோம்: ‘கிளைவ் காலத்துக் குண்டு’, ‘ஹைதர் படைக் குண்டு’. அந்தச் சீட்டில் எழுதத் தகுந்தது எது, எழுதக் கூடாதது எது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். ஒரு குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்திருக்க முடியாது என்பதை உறுதியாகச் சொல்லிவிடலாம். எந்த வகையிலிருந்து வந்திருக்கலாம் என்பதை ஓரளவு சொல்லலாம். யார் சுட்டார்கள் என்பதைக் குண்டை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. இந்த மூன்றையும் கலந்துவிடாமல் பிரித்து எழுதினால் பதிவேடு நாளைக்கும் பயன்படும்.

இது புரிய வேண்டுமானால் அந்தக் காலத்தில் குழலுக்குக் குண்டை எப்படித் தேர்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சுகிறது. ஒரு பகுதி வெண்புகையாய் வெளியேறுகிறது. மீதி குழலின் உட்சுவரில் கருமையாய்ப் படிகிறது. நான்கைந்து முறை சுட்டதுமே குழலின் உள்வாய் குறுகத் தொடங்கிவிடும். குழலுக்குச் சரியாகப் பொருந்துகிற குண்டை வைத்திருக்கும் சிப்பாய், பத்தாவது முறை கெட்டிக்கும்போது குண்டு பாதியில் சிக்கி எதிரிக்கு முன்னால் கம்பியோடு போராட வேண்டியிருக்கும். அதனால் படைத் துப்பாக்கிக்கு எப்போதும் குழலைவிடச் சிறிய குண்டைத்தான் வார்த்தார்கள். பிரவுன் பெஸ் என்று பெயர்பெற்ற ஆங்கிலேயத் துப்பாக்கியின் குழல் விட்டம் ஏறக்குறைய 19 மி.மீ.; அதன் குண்டு 17.5 மி.மீ. இடையில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. மருந்தையும் குண்டையும் சுற்றிய காகிதம் அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கும். மீதி வழியாக வாயு வீணாகும். குண்டு குழலுக்குள் அங்குமிங்கும் மோதிக்கொண்டு வெளியேறுவதால் குறி தவறும். நூறு பேர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடும் போர்முறையில் குறியைவிட வேகமே முக்கியம் என்பதால் இந்த இழப்பை ஏற்றுக்கொண்டார்கள். காரீயம் எளிதில் உருகும், கனமானது, மென்மையானது, குழலைக் கீறாது. கப்பலில் பாரமாகவும் வரும் என்பதால் கம்பெனிகள் ஐரோப்பாவிலிருந்து அதைக் கொண்டுவந்து இறக்கின.

இப்போது எண்களைப் பார்ப்போம். ஆங்கிலேயர் தம் காலாட்படைக் குண்டைப் பவுண்டுக்குப் பதினான்கரை என்ற கணக்கில் வார்த்தார்கள்; ஒன்று 31 கிராமுக்குச் சற்று மேல். குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கியான கார்பைனுக்குப் பவுண்டுக்கு 20, ஒன்று 22.7 கிராம், விட்டம் 15.6 மி.மீ. பிரெஞ்சுக்காரர்களின் ஷார்ல்வில் துப்பாக்கிக் குழல் 17.5 மி.மீ.; அவர்களுடைய லிவ்ர் எடைக்கு 18 முதல் 20 குண்டு என்றால் ஒன்று ஏறக்குறைய 24 முதல் 27 கிராம், விட்டம் 16 முதல் 16.6 மி.மீ. டச்சுத் துப்பாக்கிகள் பலவற்றின் குழல் ஆங்கிலக் குழலை ஒத்த அகலமுடையது. பாளையக்காரர்களும் நவாபின் ஆட்களும் ஏந்திய திரித்துப்பாக்கிகளுக்குப் பொது அளவே கிடையாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்கென்று ஒரு அச்சு. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு விஷயம் தெரிந்துவிடும். ஆங்கிலக் குண்டின் விட்டம் பிரெஞ்சுக் குழலின் விட்டத்துக்குச் சமம். காகிதம் சுற்றி, கசடு படிந்த பிரெஞ்சுக் குழலுக்குள் அது இறங்கவே இறங்காது. பிரெஞ்சுக் குண்டோ ஆங்கிலக் குழலுக்குள் தாராளமாக இறங்கும். குறி இன்னும் மோசமாகும், அவ்வளவுதான். பெரிய குண்டு சிறிய குழலை மறுக்கிறது. சிறிய குண்டு எதையும் மறுப்பதில்லை. ஆகவே முப்பது கிராம் குண்டு ஒன்று கிடைத்தால் ‘இது ஷார்ல்வில்லில் சுட்டதல்ல’ என்று தயங்காமல் எழுதலாம். இருபத்தைந்து கிராம் குண்டு கிடைத்தால் ‘பிரெஞ்சு அளவை ஒத்தது’ என்று எழுதலாமே தவிர, ‘பிரெஞ்சுத் துப்பாக்கியில் சுட்டது’ என்று எழுத முடியாது.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர் போதாதா, எடை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காலிப்பரும் வேண்டும்; ஆனால் முதலில் நம்ப வேண்டியது தராசையே. மண்ணில் இருநூறு ஆண்டு கிடந்த காரீயத்தின்மேல் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படிகிறது. அது ஒவ்வொரு பக்கமும் கால் மில்லிமீட்டர் இருந்தால் 17.5 மி.மீ. குண்டு 18 மி.மீ. காட்டும், அந்த விட்டத்திலிருந்து எடையைக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் கூடிவிடும். மறுபுறம், எடையில் ஐந்து சதவீதம் குறைந்திருந்தாலும் அதிலிருந்து கணக்கிடும் விட்டத்தில் 0.3 மி.மீ. பிழைதான் வரும். சுவரிலோ கல்லிலோ மோதித் தட்டையான குண்டுக்கு விட்டம் என்பதே இல்லாமல் போகிறது, எடை மட்டும் எஞ்சுகிறது. அமெரிக்க விடுதலைப் போர்க்களங்களை ஆராய்ந்த டேனியல் சிவிலிச் இதற்காகவே ஒரு சூத்திரம் தந்தார். மில்லிமீட்டருக்கு மாற்றினால்: கிராமில் எடையின் கனமூலத்தை 5.67ஆல் பெருக்கினால் குண்டின் முதல் விட்டம். 29.5 கிராம் என்றால் கனமூலம் 3.09, விட்டம் 17.5 மி.மீ. 24 கிராமுக்கு 16.4, 21 கிராமுக்கு 15.6. தூய காரீயத்தின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடுபவருக்கு இந்தச் சூத்திரம் சற்றே பெரிய விட்டம் தருவதாகத் தோன்றும். வார்க்கும்போது உள்ளே தங்கிய காற்றுக் குமிழும் ஈயத்தில் கலந்த பிற உலோகமும் உண்மையான குண்டுகளை இலேசாக்கிவிடுகின்றன. சிவிலிச் களத்தில் கிடைத்த குண்டுகளை வைத்தே சூத்திரத்தை அமைத்தார். 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு இப்போது எளிதாகக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் நகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளலாம்.

எடையை மட்டும் நம்பினால் வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் குண்டின் வடிவமே மாறியது. 1849இல் பிரெஞ்சுக்காரர் மினியே வடிவமைத்த குண்டு உருண்டை அல்ல. முன்பக்கம் கூம்பி, பின்பக்கம் குடைந்திருக்கும். குழலைவிடச் சிறியதாக இருப்பதால் சுலபமாக இறங்கும். மருந்து வெடிக்கும்போது அடிப்பகுதி விரிந்து, ரைஃபிள் குழலின் உட்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். கசடு பிரச்சினைக்கும் குறிப் பிரச்சினைக்கும் ஒருசேர வந்த விடை அது. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைஃபிளின் குழல் 14.7 மி.மீ., குண்டு 34.3 கிராம். அடி விரிய வேண்டுமென்பதால் அதற்குத் தூய மென்காரீயம் தேவை. அதன்பின் வந்த மார்ட்டினி ஹென்றி பின்பக்கமாகத் தோட்டா போடும் ரைஃபிள். அதன் நீண்ட குண்டு 31.1 கிராம், பன்னிரண்டு பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்துக் கெட்டியாக்கியது. அதாவது பிரவுன் பெஸ்ஸின் உருண்டையும் மார்ட்டினியின் நீள்குண்டும் தராசில் ஏறக்குறைய ஒன்றே. முழுசாக இருந்தால் கண்ணே பிரித்துவிடும். இரண்டும் மோதி நசுங்கிய பிறகு எடை உதவாது. அடர்த்தி கொஞ்சம் உதவும். ஒரு டம்ளர் நீரைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். குண்டை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எண்ணே குண்டின் கன சென்டிமீட்டர். எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. தூய காரீயம் 11.3, பன்னிரண்டுக்கு ஒன்று கலவை சுமார் 10.9, இரும்பு 8க்குள். காற்றுக் குமிழுள்ள பழைய உருண்டையும் 10.9 காட்டக்கூடும் என்பதால் காரீயத்தையும் கலவையையும் பிரிப்பதற்கு இதை மட்டும் நம்பவேண்டாம். குழலின் வரித்தடம் ஒரு ஓரத்திலாவது தப்பிப் பிழைத்திருந்தால் அதுவே தீர்ப்பு. இரும்பை விலக்குவதற்கு இந்தச் சோதனை முழுமையாகப் போதும்.

இரும்பை விலக்குவது இந்தப் பகுதியில் சாதாரண வேலையல்ல. நாட்டுத் துப்பாக்கியில் போடும் பால்ரஸ் எனப்படும் பேரிங் குண்டுகள் துருவேறிக் கிடந்தால் பழைய பீரங்கிச் சிதறுகுண்டு என்று தோன்றும். காந்தம் வைத்தால் ஒட்டும். மேல்துருவைத் தாண்டி வழவழப்பு தெரியும். கடற்கரையோரம் அதைவிடப் பெரிய குழப்பம் மீன்வலை ஈயம். கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை ஒவ்வொரு மீனவர் குப்பத்திலும் வலையின் அடிக்கயிற்றில் ஈயம் கோக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் துளை இருக்கும், அல்லது கயிற்றைக் கவ்விய பிளவு இருக்கும். துளை மண்ணால் அடைந்திருந்தால் குண்டென்றே ஏமாற்றும். பல் குத்தும் குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தால் போதும். வேடந்தாங்கல் பக்கத்துச் சிறு ஈய ரவைகளுக்கும் போருக்கும் உறவு தேடவேண்டாம். வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊரார் முறையிட்டதால்தான் 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமை தரும் கவுல் என்ற பத்திரத்தை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். ஈயம் விழுந்த இடமெல்லாம் போர்க்களம் அல்ல என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே எழுத்தில் உள்ள சான்று அது.

இனிக் கைக்கண்ணாடிக்கு வரலாம். நல்ல உருண்டைக் குண்டைக் காலை வெயிலில் சாய்த்துப் பிடித்துச் சுற்றினால் நடுவில் ஒரு மெல்லிய வரம்பு ஓடுவது தெரியும். இரண்டு பாதி அச்சும் சேர்ந்த இடம் அது. வரம்பின்மேல் ஓரிடத்தில் பட்டாணியில் பாதி அளவுக்குத் தட்டையான வட்டம் இருக்கும். அச்சில் ஈயத்தை ஊற்றிய வாயில் எஞ்சிய காம்பைக் கத்தரித்த இடம் அது. வரம்பும் காம்புத் தடமும் கூர்மையாக இருந்து, குண்டு முழு உருண்டையாகவும் இருந்தால் அது சுடப்படாதது என்று கொள்ளலாம். சிப்பாயின் பையிலிருந்து நழுவியிருக்கும். குண்டின் இடுப்பைச் சுற்றி வளையம் போலச் சற்றுத் தேய்ந்திருந்தால் குழலுக்குள் போய் வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கிண்ணம் போலக் குழிந்திருந்தால் இறுக்கும் கம்பி பட்ட தடமாக இருக்கலாம். நெசவுத் துணியின் கட்டம் கட்டமான பதிவு தெரிந்தால், அது எண்ணெய்த் துணி சுற்றி இறுக்கமாகக் கெட்டித்த ரைஃபிள் குண்டு. அப்படிப்பட்டதற்குத் தனிக் குறிப்பு எழுதுங்கள். 1800இல் ஆங்கிலேயர் ஏற்ற பேக்கர் ரைஃபிளின் குண்டும் கார்பைனின் குண்டும் பவுண்டுக்கு இருபது என்ற ஒரே அளவு. எடையால் பிரிக்க முடியாத அந்த இரண்டையும் பிரிப்பது துணித்தடமும் வரித்தடமும்தான். பல்தடம் உள்ள குண்டைக் கண்டதும் வலி தாங்காத சிப்பாய் கடித்தது என்று கதை கட்டிவிடவேண்டாம். அமெரிக்கக் களங்களில் கிடைத்த பல்தடக் குண்டுகள் பலவும் மண்ணைக் கிளறிய பன்றிகள் மென்றவை என்று கண்டிருக்கிறார்கள். நம் ஊர் ஓரங்களில் பன்றிக்குக் குறைவில்லை.

இவ்வளவும் செய்து கடைசியில் ‘யார் சுட்டார்கள் என்று தெரியாது’ என்றுதான் எழுத வேண்டுமென்றால் இந்த உழைப்பு எதற்கு என்ற மறுப்பு நியாயமானது. தனிக் குண்டைப் பொறுத்தவரை அந்த மறுப்பை ஏற்றே ஆக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் ஆயுதம் யாருக்கும் சொந்தமாக நிற்கவில்லை. தோற்ற படையின் துப்பாக்கி வென்றவன் தோளுக்குப் போனது. ஆங்கிலேயரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் சிப்பாய்களாக இருந்தவர்கள் இதே மண்ணின் ஆட்கள். ஹைதரின் காலாட்படையிடம் பிரெஞ்சுத் துப்பாக்கியும் இருந்தது, பிடிபட்ட ஆங்கிலத் துப்பாக்கியும் இருந்தது. ஆனால் குண்டு தனியாக இல்லாமல் கூட்டமாக, கிடந்த இடத்தோடு பதிவானால் நிலைமை தலைகீழாகிறது. அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இல் புல்வெளி எரிந்து தரை வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட் குழுவினர் ஒவ்வொரு குண்டும் தோட்டாவும் கிடந்த புள்ளியை வரைபடத்தில் குறித்து, யார் எங்கே நின்று எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்று தடம் பிடித்தார்கள். அந்த வேலையைச் சாத்தியமாக்கியது புள்ளிகளின் வரிசை. இங்கேயும் அப்படியே. ஒரு கோட்டைச் சுவரின் வெளிப்புறம் சுடாத முப்பது கிராம் குண்டுகளும், சுவரடியில் அதே எடையில் நசுங்கியவையும் கிடந்தால், பெருங்குழல் துப்பாக்கி ஏந்தியவர்கள் வெளியிலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று சொல்ல அடிப்படை இருக்கிறது. அந்த முற்றுகை எந்த ஆண்டு, எந்தப் படை என்பதை அதன்பின் ஆவணங்களிடம் கேட்கலாம். அதே குண்டுகள் ஒரு டப்பாவில் ‘கோட்டைப் பக்கம் கிடைத்தவை’ என்ற சீட்டோடு வந்தால் ஆவணத்திடம் கேட்பதற்குக் கேள்வியே இல்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் எடையைவிடவும் முந்தி எழுத வேண்டியது இடம்: ஊர், சர்வே எண் தெரிந்தால் அது, கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம், மண்ணின் நிறம், பக்கத்தில் கிடந்த ஓடு, செங்கல், சுண்ணாம்பு. பிறகு எடை, மூன்று திசையில் விட்டம், அடர்த்தி, தடங்கள். கடைசி வரியில் ‘வந்திருக்க முடியாத குழல்கள்’, அதன்கீழ் ‘வந்திருக்கக்கூடிய குழல்கள்’. படையின் பெயருக்கு அந்தப் படிவத்தில் இடமே வைக்காதீர்கள்.

சட்டத்தையும் உடம்பையும் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சதுரங்கப்பட்டினம் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் எதையும் தோண்டவோ எடுக்கவோ கூடாது; அங்கே கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். சொந்த நிலத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் உண்டு. அனுமந்தபுரம் போன்ற துப்பாக்கிப் பயிற்சித் திடல்களின் பக்கம் செம்பு உறை போட்ட குண்டோ உலோகச் சிதறலோ கிடந்தால் அது உங்கள் ஆராய்ச்சிக்குரியது அல்ல; வெடிக்காத பொருளாக இருக்கக்கூடும், தொடாமல் போலீசுக்குச் சொல்ல வேண்டியது. வெடிக்காத தோட்டா எங்கே கிடைத்தாலும் இதே விதிதான். அதன் உள்ளே மருந்து இன்னும் உயிரோடிருக்கலாம்.

காரீயம் நஞ்சு. பிள்ளைகள் வாயில் வைக்கவோ சுரண்டவோ விடாதீர்கள். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். குண்டைப் பளபளப்பாக்க வேண்டாம். பித்தளை விளக்குக்குப் போல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் வெண்தோல் போகும். அதோடு நெசவுத் தடமும் வரித்தடமும் போகும், எடையும் குறையும். மென்மையான பிரஷ்ஷால் தளர்ந்த மண்ணை மட்டும் தட்டிவிட்டு நிழலில் உலர்த்துங்கள். மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் வைத்துப் பூட்டினால் அவற்றிலிருந்து கசியும் அமில ஆவி சில ஆண்டுகளிலேயே காரீயத்தை வெண்மாவாக்கத் தொடங்கும். பூட்டும் வாயுள்ள பாலித்தீன் பை ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று, வெளியே பதிவெண். சீட்டை உள்ளே போடாமல் பையின் மேலேயே அழியாத மையால் எழுதிவிடுங்கள். பதிவேட்டிலும் அதே எண்ணை எழுதி, குண்டு எங்கே ஒப்படைக்கப்பட்டது, யார் பெற்றுக்கொண்டார், எந்தத் தேதி என்ற விவரத்தையும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.